ஓராண்டு காத்திருந்த மாணவி

நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

போன வாரம் என் தங்கையின் பேத்தி வந்திருந்தாள். பதினோராம் வகுப்பு. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அவர்களைப் பற்றி வருகிறது அல்லவா, அதைப் படித்துவிட்டு, செல்போனில் அவருடைய பேட்டி ஒன்றையும் பார்த்திருக்கிறாள். வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "அம்மாச்சி, டான்ஸ் கத்துக்கணும்னு போனவங்கள அந்த வாத்தியார் ஒரு வருஷம் காக்க வச்சாராமே. வேற யார்கிட்டயாவது போயிருக்கலாம்ல?"

அப்போதைக்கு ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பிள்ளைகள் முன்னால் நின்றவள் நான். ஒரு பிள்ளை படிக்க வந்து நிற்பதும், அதைச் சேர்த்துக்கொள்வதும், சேர்த்துக்கொள்ளாமல் விடுவதும் எனக்குப் பழக்கமான விஷயம். கடைசியில் சொன்னதைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் எழுதத்தான் வேண்டும். அதற்கு முன்னால் அவருடைய கதை.

அவர் மதுரையில் 1964இல் பிறந்தவர். நான் 1963. ஒரே காலத்தில் ஒரே ஊர்க் காற்றைச் சுவாசித்து வளர்ந்திருக்கிறோம். நான் இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்குப் போன அதே வருடங்களில், ஆண் பிள்ளை என்று எல்லோரும் நினைத்த ஒரு குழந்தை, "நான் பெண்" என்று உள்ளுக்குள் உணர்ந்துகொண்டு, அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறது. அந்தக் குழந்தைக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் வைஜயந்திமாலாவின் நடனம். சினிமாவில் பார்த்ததை வீட்டுக்கு வந்து ஆடிப் பார்ப்பது. இதே நிலையில் இருந்த சக்தி என்ற தோழியும் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டார். இருவரும் இன்றுவரை பிரியவில்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு "வஞ்சிக்கோட்டை வாலிபன்" போட்டி நடனத்தைச் சொல்லாமல் வைஜயந்திமாலாவைப் பற்றிப் பேச முடியாது. 1958இல் வந்த படம். ஒரு பக்கம் பத்மினி, ஒரு பக்கம் வைஜயந்திமாலா. நாங்கள் பார்த்ததெல்லாம் பல வருடம் கழித்து மறுபடி மறுபடி திரையிட்டபோதுதான். படம் முடிந்து வரும் வழியெல்லாம் எங்களுக்குள் சண்டை நடக்கும். நான் பத்மினி கட்சி. இப்போதும் அதில் மாற்றமில்லை.

நானும் என் தங்கையும் வீட்டுக்கு வந்து அதுபோல ஆடினால் அம்மா சிரிப்பார், பக்கத்து வீட்டு அக்கா கைதட்டுவார். அந்த இரண்டு பிள்ளைகள் ஆடினால் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்க முடியாமல் இருவரும் வெளியேறினார்கள்.

இங்கே மதுரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆண் பெண்ணாக ஆடுவது இந்த ஊருக்குப் புதிதே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் "தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா" என்ற நாடக சபையைத் தொடங்கியது இதே மதுரையில்தான். பாய்ஸ் கம்பெனி என்பார்கள். அத்தனையும் பையன்கள். வள்ளி, பவளக்கொடி, சாவித்திரி, கோவலன் நாடகத்தின் கண்ணகி என்று எல்லாப் பெண் வேடத்தையும் பையன்களே கட்டினார்கள். அந்த வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்று பெயர். நல்ல ஸ்திரீபார்ட் கிடைத்த கம்பெனிக்கு வசூல் கொட்டும். அந்த சபையில் வளர்ந்த டி. கே. சண்முகம், பிற்பாடு ஒளவையாராக வேடமிட்டு நடித்ததால்தான் "ஒளவை சண்முகம்" ஆனார். கிழவி வேடம் ஒரு ஆண்பிள்ளைக்குப் பட்டமாகவே ஒட்டிக்கொண்டது. யாரும் கேலி செய்யவில்லை.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரம். மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. காமன் ஆண்மை திரிந்த கோலத்தில் வாணனுடைய ஊரில் ஆடியது. அதை மாதவி ஆடிக் காட்டுகிறாள். பேராசிரியர்கள் இதற்குப் பெரிய விளக்கமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பட்டது, நம்முடைய பழைய ஆட்டக் கணக்கிலேயே இவர்களுக்கு ஒரு இடம் இருந்திருக்கிறது என்பதுதான்.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூரில் நரசிம்ம ஜயந்திக்கு நடக்கும் பாகவத மேளாவில் இன்றைக்கும் ஆண்கள்தான் பெண் வேடம் போடுகிறார்கள். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணையர் என்று ஒருவர். சதிராட்டம் கேவலமானது என்று படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், மெலட்டூர் நடேசய்யரிடம் முறையாகக் கற்றுக்கொண்டு, தானே பெண் வேடமிட்டு மேடை ஏறி ஆடிக் காட்டியவர். சதிர் பரதநாட்டியமாகப் பெயர் மாறி நிலைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய வக்கீல் கோட்டுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

ஆக, வேடம் என்றால் ஊருக்குச் சம்மதம். விளக்கை அணைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆணாகத் திரும்பி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். "இது வேடமில்லை, நான்தான் இது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதே ஊர் கல்லை எடுக்கும். இதை நான் அறுபது வயதுக்குப் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன் என்பது எனக்கே வெட்கம்.

சரி, கதைக்கு வருகிறேன். சினிமாவைப் பார்த்து ஆடியது போதாது, முறையாகக் கற்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. யாரிடம்? வைஜயந்திமாலாவுக்கே கற்றுக்கொடுத்தவர் ஒருவர் தஞ்சாவூரில் இருக்கிறார். கே. பி. கிட்டப்பா பிள்ளை. அவரிடமே போவது என்று புறப்பட்டார்கள். இது எத்தனை பெரிய துணிச்சல் என்பது அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தால்தான் புரியும்.

தஞ்சை நால்வர் என்று படித்திருப்பீர்கள். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. நாலு அண்ணன் தம்பிகள். இரண்டாம் சரபோஜி காலத்தில் தஞ்சை அரண்மனையில் இருந்தவர்கள். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். பிற்பாடு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளிடம் போனார்கள். வடிவேலுவின் வயலின் வாசிப்பைக் கேட்டு அந்த மகாராஜா தந்தத்தால் செய்த வயலின் ஒன்றையே பரிசாகக் கொடுத்தார். இன்றைக்கு எந்த ஊர் சபாவில் அரங்கேற்றம் பார்த்தாலும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு வரிசை வருகிறதே, அந்த வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள் இந்த நால்வர். அவர்கள் வழியில் வந்தவர் கிட்டப்பா பிள்ளை. 1913இல் பிறந்தவர். அவருடைய அப்பா பொன்னையா பிள்ளை 1933இல் சங்கீத கலாநிதி. நால்வரின் உருப்படிகளைத் திரட்டிப் புத்தகமாக்கி நமக்குத் தந்தது இந்தக் குடும்பம். வைஜயந்திமாலா மட்டுமில்லை, யாமினி கிருஷ்ணமூர்த்தி, ஹேமமாலினி, சுதாராணி ரகுபதி என்று அவரிடம் கற்ற பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

அந்த மனிதர் முன்னால், 1980களின் நடுவில், வீடும் இல்லாமல், சிபாரிசுக் கடிதம் கொடுக்கப் பெரிய மனிதர் யாரும் இல்லாமல், மதுரையிலிருந்து இரண்டு இளம் திருநங்கைகள் போய் நிற்கிறார்கள். திருநங்கை என்ற சொல்கூட அப்போது புழக்கத்தில் இல்லை. இருந்த சொற்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

அவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஓராண்டு காக்க வைத்தார்.

இதில் எனக்கு இரண்டு மனம். எங்களுக்கு ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று ஒரு தாள் உண்டு. கற்க வரும் பிள்ளையை ஒரு நாள்கூட மனம் வாட விடக்கூடாது என்று அதில் படித்துத்தான் பட்டயம் வாங்கினேன். இன்றைக்கு ஒரு வாத்தியார் ஒரு பிள்ளையை ஒரு வருடம் காக்க வைத்தால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதுவரை அவர்கள் போன இடத்திலெல்லாம் கேட்ட சொல் "போ". இவர் "இரு" என்கிறார். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம், "போ" என்றே கேட்டுப் பழகிய காதுக்குத்தான் தெரியும். பேத்திக்கு நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில் இதுதான். வேறு யாரிடம் போவது?

இன்னொன்று என் ஊகம். கிட்டப்பா பிள்ளை நட்டுவனார் மரபில் வந்தவர். அந்த மரபு எத்தனை நூற்றாண்டாகக் கோயிலோடு ஒட்டி வளர்ந்தது என்பதற்கு அவர் ஊர்ப் பெரிய கோயில் சுவரே சாட்சி. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து தளிச்சேரியில் குடியேற்றினான். ஒவ்வொருவர் பெயரும், எந்தத் தெருச் சிறகில் எந்த வீடு என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் கல்லில் இருக்கிறது. நட்டுவம் செய்கிறவர்கள் பெயரும் இருக்கிறது. அதே கோயில் விமானத்தின் மேல் தளத்தில் சிவபெருமான் ஆடும் கரணச் சிற்பங்கள் 108க்கு 81 செதுக்கியிருக்கிறார்கள். மீதி வெறும் கல்லாக நிற்கிறது. அத்தனை பெருமையோடு இருந்தவர்களை இருபதாம் நூற்றாண்டு வேறு மாதிரிப் பார்த்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடி, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறு பெண்களைப் பொட்டுக் கட்டிவிடும் கொடுமை நின்றது. அது வேண்டிய சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்கள் பலர் ஆட்டத்தை விட்டே விலகிப் போனார்கள். ஆட்டம் மட்டும் பெரிய வீட்டுப் பெண்களிடம் மரியாதையாகப் போய்ச் சேர்ந்தது. அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இந்தப் பழைய வீட்டு நட்டுவனார்கள். தன் மக்களை ஊர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று காதால் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, ஊர் இழிவாகப் பேசும் இரண்டு பேர் வந்து நிற்கும்போது மனசு வேறு மாதிரி வேலை செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஓராண்டுக்குப் பிறகு பாடம் தொடங்கியது. 1999இல் கிட்டப்பா பிள்ளை காலமாகும் வரை, ஏறத்தாழ பதினைந்து ஆண்டு, குருகுல முறையில் கற்றார்.

பதினைந்து ஆண்டு என்றால் என்னவென்று இந்தக் காலப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சிலப்பதிகாரத்து மாதவியே ஐந்து வயதில் தொடங்கி, ஏழு ஆண்டு கற்று, பன்னிரண்டு வயதில் சோழன் அவையில் அரங்கேறியவள்தான். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சு பொன் மாலையும் வாங்கினாள். (இளங்கோவடிகள் அந்தப் பகுதியில் மாதவி ஆடுவதற்கு முன்னால் அவளுடைய ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஆசிரியர்களின் தகுதியைத்தான் வரிசையாகச் சொல்வார். வகுப்பில் நடத்தும்போது எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.) மாதவி ஐந்து வயதில் தொடங்கினாள். இவர் தொடங்கியது இருபதை ஒட்டிய வயதில். அந்த வயதில் இடுப்பும் முழங்காலும் வளைந்து கொடுப்பது வேறு.

முதலில் அரைமண்டி. முழங்கால்களை இரு பக்கமும் விரித்து, பாதி உட்கார்ந்து, முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் எழுந்து ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை நடுங்கும். அந்த நிலையிலேயே தட்டடவு. குரு தட்டுக்கழியால் கட்டையில் தட்டிச் சொற்கட்டுச் சொல்ல, அதற்குச் சரியாகப் பாதம் தரையில் விழ வேண்டும். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு நாலாக ஏறும். பிறகு நாட்டடவு, அப்புறம் ஒவ்வொன்றாக மற்ற அடவுகள். சினிமாவில் கேமரா வெட்டி வெட்டிக் காட்டும். கால் தவறினால் முகத்தைக் காட்டலாம். இங்கே அரைமணி முக்கால்மணி போகும் ஒரு வர்ணத்தில் ஒருத்தியாக நிற்க வேண்டும். கைதட்டலுக்காக ஆடிப் பழகிய உடம்பு, கைதட்டல் இல்லாத வெறும் அறையில் ஒரே அடவை ஆயிரம் முறை போடக் கற்றுக்கொள்வது பெரிய மாற்றம். நான் படித்த மட்டில் நர்த்தகியின் வாழ்க்கையில் திருப்பம் விருது வாங்கிய நாளில் வரவில்லை, அந்த அறைக்குள்தான் வந்தது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு திருவிளையாடல் ஞாபகம் வரும். இராஜசேகர பாண்டியன் அறுபத்து மூன்று கலை கற்றவன். பரதம் ஒன்றுதான் பாக்கி. அதையும் கற்கத் தொடங்கினான். உடம்பு வலி தாங்கவில்லை. அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. வெள்ளியம்பலத்தில் நடராசர் எத்தனை காலமாக ஒரே காலில் நிற்கிறார், அந்தக் கால் என்ன வலி வலிக்கும் என்று. அழுது வேண்டிக்கொள்கிறான், இறைவன் கால் மாறி ஆடுகிறார். மீனாட்சியம்மன் கோயிலில் இன்றைக்கும் வலது கால் தூக்கி நிற்கிறார், போய்ப் பாருங்கள். தானே ஆடிப் பார்க்கும்வரை அடுத்தவர் கால்வலி ராஜாவுக்கும் தெரியவில்லை. நர்த்தகி பிற்பாடு தொடங்கிய நடனப் பள்ளிக்கு வைத்த பெயர் வெள்ளியம்பலம்.

"நர்த்தகி" என்ற பெயரும் குரு வைத்ததுதான். நர்த்தகி என்றால் ஆடுகிறவள், அவ்வளவுதான். வீட்டில் வைத்த பெயரோடு அவரால் வாழ முடியவில்லை. தெரு வைத்த பெயர்கள் வேண்டாம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து ஆடலாசிரியர்களாக இருந்த வீட்டிலிருந்து ஒரு பெரியவர் "நீ ஆடுகிறவள்" என்று பெயர் சூட்டுகிறார். பெண்பால் விகுதியோடு சூட்டுகிறார். அந்தக் காலத்தில் அரசாங்கம் சொல்லவில்லை, நீதிமன்றம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் திருநங்கையர் நலவாரியம் வந்ததே 2008 ஏப்ரல் 15இல்தான். உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15. பழைய முறையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நட்டுவனார், தமிழிலக்கண விகுதி ஒன்றில் அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டார். இலக்கணம் எதற்கு டீச்சர் என்று கேட்டவர்கள் கவனிக்கவும்!

பிறகு நடந்தது உங்களுக்குச் செய்தித்தாளிலேயே தெரியும். 2007இல் கலைமாமணி. 2011ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருது. 2019இல் பத்மஸ்ரீ, அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை. 2021இல் தமிழ்நாடு அரசின் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர். வெளிநாடுகளிலும் ஆடினார், இப்போது அவரிடம் பலர் கற்கிறார்கள்.

விருதுகளைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவர் ஆட எடுத்துக்கொண்டது. நாயகி பாவத்தில் பெயர் பெற்றவர் அவர். தலைவனை நினைத்து உருகும் பெண்ணின் நிலை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் மாறிப் பாடிய மரபு அது. கத்தி பிடித்த கள்வனாக இருந்தார் என்று கதை சொல்லப்படும் திருமங்கையாழ்வாரே பெண்ணாகி ஏங்குகிறார். அதைக் கோயிலில் சேவிக்கிறோம், கண்ணீர் விடுகிறோம். இருபத்தைந்து வருடம் நான் ஆண்டாளும் ஆழ்வாரும் பாடம் நடத்தியிருக்கிறேன். "ஆழ்வார் தம்மைத் தலைவியாகப் பாவித்துப் பாடுகிறார்" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, கோடிட்டு, தேர்வுக்கு வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது என் விஷயம்.

1996 என்று நினைக்கிறேன், ஆறாம் வகுப்பு. அந்தக் கட்டடம், வேப்பமரம், சத்துணவுக் கூடம் எல்லாம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஆண்டு விழாவுக்குப் பெண் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வைத்துக் கும்மி பழக்கினேன். மாலையில் நாலரை மணிக்கு மேல் வராந்தாவில் பயிற்சி. ஒரு பையன் வீட்டுக்குப் போகாமல் பையை மாட்டிக்கொண்டே தூணுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டது. ஆள் குறைகிறது. பிள்ளைகளே சொன்னார்கள், "டீச்சர், இவனுக்கு எல்லாம் தெரியும் டீச்சர்." ஆடச் சொன்னேன். ஆடினான். உண்மையைச் சொன்னால் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்திக்கும் அந்தக் குனிவும் நிமிர்வும் வரவில்லை. கை தட்டுகிற இடத்தில் கண்ணும் கூடவே போனது. நான் சொல்லிக்கொடுக்காதது அது.

நான் சொன்னது, "பொம்பளப் பிள்ளைகளோட உனக்கு என்னடா ஆட்டம், ஆம்பளையா நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அதை நான் திட்டாகக்கூட நினைக்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் தூணுக்குப் பின்னால் நிற்கவில்லை. சிரித்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. என் வார்த்தையை வைத்துத்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் தொடர்ந்து போட்டுவிட்டு, "நீண்ட நாள் வரவில்லை" என்று எழுதிப் பெயரை அடித்தது நான்தான். ஒருமுறை வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சென்னையில் சித்தப்பா கடையில் விட்டிருக்கிறோம் என்றார்கள். கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆடுகிற பையன் எல்லாம் திருநங்கை என்று நான் சொல்ல வரவில்லை. அவனுக்கு ஆடப் பிடித்தது, நன்றாகவும் வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவனைப் பதின்மூன்றாவது ஆளாக நிற்க வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு கும்மி நன்றாக நடந்திருக்கும். கிட்டப்பா பிள்ளையிடம் நர்த்தகி போய் நின்ற காலத்துக்கும், என் வராந்தாவில் இவன் வந்து நின்ற காலத்துக்கும் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் வித்தியாசம். அவர் ஓராண்டு யோசித்தார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அந்த வருடத்துப் பிள்ளைகள் பத்துப் பேராவது இங்கே இருக்கிறீர்கள். பெயரை நான் எழுதவில்லை, நீங்களும் கீழே எழுத வேண்டாம். உங்களுக்கு யாரென்று தெரியும். எங்கே இருக்கிறார் என்று யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் நான் போய்ப் பார்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வாங்கக்கூட யாரும் வரவில்லை. நான் ஓய்வு பெறும்போது பொறுப்பு ஒப்படைத்த பட்டியலில், வாங்கப்படாத சான்றிதழ்கள் இருந்த கட்டில் அதுவும் இருந்தது.